கறையும் ஓவியமாகுமா?

கேள்வி: கோலாலம்பூரில் மகள் வீட்டிலிருந்த ஓவிய நூலொன்றைப் புரட்டியபோது, ஹெலன் பிராங்கன்தேலர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தைக் கண்டேன். மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் தேநீரையும் ரோஸ் சிரப்பையும் கொட்டியதுபோல் இருந்தது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?
— வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தாங்கள் கேலியாகச் சொன்ன ‘கொட்டியது’ என்ற சொல்லே இந்த ஓவியத்தின் செய்முறைக்கு மிக அருகில் இருக்கிறது. 1952 அக்டோபரில், தம் 23ஆம் வயதில், பிராங்கன்தேலர் முன்பூச்சு எதுவும் தடவாத கித்தானைத் தரையில் விரித்து, கரிக்கோலால் சில கோடுகளை இழுத்துவிட்டு, டர்பன்டைன் சேர்த்து நீர்க்கச் செய்த எண்ணெய் வண்ணங்களை அதன்மீது ஊற்றினார். கஞ்சி போட்ட வேட்டியில் விழுந்த துளி சற்று நேரம் மேலேயே நிற்கும். கஞ்சி போடாத பழந்துணியிலோ உடனே ஊறிப் பரவிவிடும். முன்பூச்சு செய்யும் வேலையும் ஏறக்குறைய அந்தக் கஞ்சியின் வேலைதான். அது இல்லாததால், இங்கே வண்ணம் ஏடாகப் படியாமல் இழைகளுக்குள் இறங்கி, துணி வேறு நிறம் வேறு என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது.

பினாங்குக்காரரான தங்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. மெழுகால் தடுத்துத் துணிக்குச் சாயமேற்றும் பாத்தேக் முறையையே ஓவியமாக்கிய ஓவியர் சுவா தியன் தெங் 1950களில் தங்கள் ஊரில்தான் பணியாற்றினார். அங்கும் சாயம் துணிக்குள்தான் இறங்குகிறது. ஆனால் மெழுகு வரப்பு கட்டி அதை நிறுத்துகிறது. பிராங்கன்தேலருக்கு வரப்பு கிடையாது. எவ்வளவு நீர்க்கக் கலப்பது, எங்கே ஊற்றுவது, எப்போது கையை எடுத்துக்கொள்வது என்பவை மட்டுமே அவர் வசமிருந்தன. ஊறிய நிறத்தைச் சுரண்டி எடுக்க இயலாது. மேலே பூசி மறைத்தாலோ துணியின் வெளிச்சம் போய்விடும்.

ஆகவே மலையைத் தேடுவதைச் சற்று ஒதுக்கிவைத்து, நிறங்களின் ஓரங்களைப் பாருங்கள். சில, கரிக்கோட்டருகே நின்றுவிடுகின்றன. சில, கோட்டைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போகின்றன. பிறகு, நிறம் படாத வெறுந்துணியைப் பாருங்கள். நிறங்களுக்கு இடையே காற்றும் ஒளியும் புகுவது அங்கேதான். அந்த ஆண்டுக் கோடையில் அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைப் பகுதியில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிவிட்டுத் திரும்பியிருந்தார் என்பதை அறிந்தபின் பார்த்தால், அந்த நீலமும் இளஞ்சிவப்பும் வேறு விதமாகப் பேசக்கூடும்.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பூச்சில்லாத துணியை எண்ணெய் நாளடைவில் நலிவடையச் செய்யும்; 1960களில் அவரே அக்ரிலிக் வண்ணங்களுக்கு மாறினார். 1953இல் இவ்வோவியத்தை அவருடைய ஓவியக்கூடத்தில் கண்ட அமெரிக்க ஓவியர்கள் மாரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் இம்முறையைத் தம் வழியில் வளர்த்தார்கள். ஊற்றியதெல்லாம் ஓவியமாகிவிடாது என்பதில் தங்களோடு எனக்கும் உடன்பாடே. பின்னால் வந்த பலரின் கறைகள் எனக்கு வெறும் சுவர் அலங்காரமாகவே படுகின்றன.

இன்னொன்று: அசல் ஓவியம் 7 அடிக்குச் சற்றே கூடுதலான உயரமும் 10 அடியை நெருங்கும் அகலமும் உடையது. தாங்கள் பார்த்ததோ உள்ளங்கையளவு அச்சுப் பிரதி. அதில் தேநீர்க் கறை தெரிந்ததில் வியப்பில்லை.