பட்டிக்காரர் ஏன் விரட்டினார்?

கேள்வி: தம்பலகாமத்தில் வயலோரம் நின்ற எருமைப் பட்டியைப் படமெடுத்தேன். தாயெருமையின் கண்ணில் ஏக்கம் தெரிய வேண்டுமென்று கன்றைச் சற்றுத் தள்ளிக் கட்டினேன். அருகில் நின்ற மோட்டார் சைக்கிளையும் படத்தில் விழாதபடி நகர்த்தினேன். பட்டிக்காரர் வந்து, நாவூறு படும் என்று சொல்லி விரட்டிவிட்டார். இந்த மூடநம்பிக்கை எப்போது ஒழியும்? படத்தை அட்டையில் வெளியிடுவீர்களா?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: வெளியிட மாட்டோம். அந்தக் கண்ணில் தெரியும் ஏக்கம் எருமையுடையதுதான், உண்டாக்கியவர் நீங்கள். கன்று முட்டிக் குடித்துச் சுரப்பு விட்ட பிறகுதான் பட்டிக்காரர் கறக்க முடியும். வெருண்ட எருமை பாலை அடக்கிக்கொள்ளும். அன்று அவர் வீட்டில் எத்தனை தயிர்ச்சட்டி வெறுமையாகக் கிடந்ததோ, அதைப் படமெடுக்க நீங்கள் நிற்கவில்லை.

நாவூறு இருக்கட்டும். மாட்டின் தொடையில் சுட்ட குறி உரியவர் யாரென்று சொல்லும். ஊர்ப் பெயரும் போட்டு முகநூலில் ஏற்றினால் பட்டி நிற்கும் இடமும் தெரிந்துவிடும். மாட்டுக் கள்ளனுக்கு வேறென்ன வேண்டும்? இவ்வளவையும் அந்நியர் ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட 'நாவூறு' என்ற ஒரு சொல் அவருக்குச் சுலபம்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். 1936இல் ஆர்தர் ரோத்ஸ்டைன் என்ற அமெரிக்க அரசாங்கப் புகைப்படக்காரர், தெற்கு டகோட்டாவின் வறட்சியைப் பதிவுசெய்யப் போன இடத்தில், வெளிறிய மாட்டு மண்டையோடு ஒன்றைச் சில அடி நகர்த்தி வைத்துப் படமெடுத்தார். வறட்சி உண்மை. ஆனால் மண்டையோடு இடம் மாறிய சங்கதி வெளிப்பட்டதும், அரசை எதிர்த்த பத்திரிகைகள் எல்லாமே பித்தலாட்டம் என்றன. தேர்தல் ஆண்டு வேறு. காய்ந்த நிலத்தை விட்டுவிட்டு மண்டையோட்டைப் பற்றியே பேசினார்கள்.

நீங்கள் நகர்த்தியது வண்டி. பெரும்போக விதைப்புத் தொடங்கினால் பட்டியை வயலோரம் வைத்திருக்க முடியாது. மேய்ச்சல் தரை தேடி ஓட்டிப் போக வேண்டும். அந்த அலைச்சலுக்கு அவருக்கிருக்கும் துணை அந்த வண்டிதான். அதை ஒதுக்கிவிட்டுப் பாட்டன் காலத்துக் கிராமம் ஒன்றைப் படத்தில் பிடித்திருக்கிறீர்கள். (தைப்பொங்கல் இதழ்களில் கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகளை நாங்களும் போட்டிருக்கிறோம். எங்கள் கை சுத்தம் என்று சொல்லவில்லை.)

கன்று தாயோடு நிற்கிற, வண்டியும் விழுந்த படம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு பிரதி அச்சிட்டுத் தம்பலகாமத்துக்கு எடுத்துப் போய், பட்டிக்காரரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். பால் கறக்கும் நேரத்தில் போக வேண்டாம்.