பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் விட்டுவிடலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 62, லுங்கித் தறி நெய்கிறவர். போன வாரம் தறியில் இருந்தபோது வலது கை மரத்து, பேச்சும் குழறிப் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வாய்வுப் பிடிப்பு என்கிறார். உறவினர்கள் புறா இரத்தம் தேய்க்கச் சொல்கிறார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த நேரத்திலேயே அவரை அழைத்துப் போயிருக்க வேண்டும். இன்னும் போகவில்லையென்றால் இன்றே கிளம்புங்கள். வலது கையும் பேச்சும் ஒருசேரத் தடுமாறியதால், மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக் கட்டி ஒன்று சற்று நேரம் அடைத்துப் பின் தானே கரைந்திருக்கக்கூடும். இந்தத் தற்காலிகப் பக்கவாதத்துக்குப் பிறகு முழுப் பக்கவாதம் வரும் அபாயம் முதல் 2 நாட்களில்தான் மிக அதிகம். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பின் ஒழுங்கு, கழுத்து இரத்தக் குழாய் ஆகியவற்றைப் பரிசோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரைகளாலேயே அடுத்ததைத் தடுக்க முடியும்.

தோலில் தேய்க்கும் புறா இரத்தம் மூளையின் அடைப்பைக் கரைக்காது. பக்கவாதத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் கை கால் ஓரளவு தானாகவே தேறுவது உண்டு. அந்தப் பெயரைப் புறா தட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

மறுபடி வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, அவர் நன்றாக இருந்ததை நீங்கள் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. வழியில் தண்ணீரோ ஆஸ்பிரினோ தர வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறலாம். வந்திருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்பதும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: பக்கவாதம் வந்து இரண்டு மாதமான அம்மாவுக்கு, விழுந்த கையின் தோள்பட்டை மிகவும் வலிக்கிறது. அடிக்கடி அழவும் செய்கிறார்.
– வாசகர், காட்பாடி

பதில்: அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கிறீர்களா? தளர்ந்த தோள்மூட்டு அப்படி இழுக்கும்போது சற்றே இறங்கிவிடும். முதுகைத் தாங்கி எழுப்புங்கள். உட்காரும்போது முழங்கையின் கீழ் தலையணை வையுங்கள். அழுகையைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு பலருக்கு வருகிறது, அதற்கும் சிகிச்சை உண்டு. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. பயணம் சிரமமென்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டிலேயே பெற முடியுமா என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.