அடுத்து மைக்கைப் பிடிப்பவர்

அன்புள்ள ஐயா,

போன வாரம் முழுக்கப் பழைய பேட்டிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். 2004இல் ஜெயலலிதாவை தொலைக்காட்சிப் பேட்டியாளர் கரண் தாப்பர் எடுத்த பேட்டி, 2007இல் அதே தாப்பரின் பேட்டியிலிருந்து மோடி எழுந்து போனது, பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மன் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறை கேட்டது, டிரம்ப்பிடம் நேருக்கு நேராக “இத்தனை பொய் சொன்னதற்கு வருந்துகிறீர்களா” என்று ஒரு நிருபர் கேட்டது. மெய்சிலிர்த்துவிட்டது. இவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நம் தமிழ்ப் பத்திரிகையாளர்களில் ஏன் இப்படி ஒருவர்கூட இல்லை? கவர் வாங்கிக்கொண்டு சொன்னதை எழுதுகிற கூட்டமாக ஏன் இருக்கிறார்கள்? என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இதழியல்தான் படிப்பேன் என்கிறாள். இந்தக் கூட்டத்துக்குள் அவளை அனுப்பலாமா?

ர., கரூர்

அன்புள்ள ர.,

மகள் படிக்கட்டும். அவள் விருப்பம் அது. அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் என்னைத் தொட்டது வேறொரு இடத்தில். சில மாதங்களாகவே இதைப் பற்றி யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றிருந்தேன். நீங்களே வந்து மாட்டினீர்கள்.

பாக்ஸ்மனை விட்டுவிடுவோம். 1997 மே மாதம், சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறுவேன் என்று மிரட்டினீர்களா என பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டை அவர் விடாமல் கேட்டார். நல்ல கேள்வி, நல்ல பிடிவாதம். ஆனால் அது அவருடைய அரங்கம், அவருடைய நேரம். எதிரில் இருப்பவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்து “நீங்க கேளுங்க” என்று கை நீட்ட முடியாது. அங்கே இன்னொரு நாற்காலியே இல்லை. ஸ்டுடியோ பேட்டியும் பிரஸ் மீட்டும் ஒரே தொழில் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

தாப்பர்–ஜெயலலிதா பேட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் கேட்டவரின் வீரமாக மட்டும் பார்க்கிறீர்கள். ஜோதிடம், எண்கணிதம், அமைச்சர்கள் காலில் விழுவது என்று ஒரு முதலமைச்சருக்கு எரிச்சலூட்டக்கூடிய எல்லாவற்றையும் அவர் கேட்டார். அந்த அம்மையார் கோபப்பட்டார், பதிலுக்குத் தாக்கினார், உங்களிடம் பேசியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று கடைசியில் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆனால் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். 2007இல் குஜராத் முதல்வராக இருந்த மோடி, 2002 கலவரம் பற்றிய கேள்விகள் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மைக்கைக் கழற்றிவிட்டுப் போனார். ஜெயலலிதாவின் ஆட்சியில் பத்திரிகைகள் மீது எத்தனை வழக்குகள் போடப்பட்டன என்று எனக்குத் தெரியும், நான் அவருடைய ரசிகன் அல்ல. இருந்தாலும் அந்த அரைமணி நேரத்துக்காக அவரை மதிக்கிறேன். கேட்கத் துணிந்தவரை மட்டும் கொண்டாடி, உட்கார்ந்து பதில் சொன்னவரை மறந்துவிடாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

டிரம்ப்பிடம் கேட்டவர் சிரீஷ் தாதே, ஹஃப்போஸ்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளத்தின் வெள்ளை மாளிகை நிருபர், இந்திய வம்சாவளி. தேதி 2020 ஆகஸ்ட் 13. மூன்றரை ஆண்டு ஆட்சியில் அமெரிக்க மக்களிடம் சொன்ன பொய்களுக்காக வருந்துகிறீர்களா என்று கேட்டார். “என்ன?” என்றார் டிரம்ப். “எல்லாப் பொய்களும்.” “யார் சொன்னது?” “நீங்கள் சொன்னது.” நீங்கள் பார்த்த துண்டு அநேகமாக அந்த இடத்தில் முடிந்திருக்கும். அதற்கு அடுத்த சில நொடிகளைத் தேடிப் பாருங்கள். டிரம்ப் பதில் சொல்லவில்லை. இன்னொரு நிருபரைக் காட்டினார். அவர் வேறொரு விஷயத்தைக் கேட்டார். அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது. ஐந்து வருஷமாகக் கேட்கக் காத்திருந்ததாக தாதே பிறகு எழுதிய கேள்வி, பக்கத்திலிருந்தவர் வாய் திறந்ததுமே செத்துப்போனது.

அந்த அடுத்த நிருபரை நான் கோழை என்று சொல்லவில்லை. அவருக்கும் ஒரு ஆசிரியர் இருப்பார், அன்றைக்குக் கேட்டாக வேண்டிய ஒரு கேள்வி கையில் இருந்திருக்கும், மறுபடி வாய்ப்புக் கிடைக்குமா என்ற பதற்றம் இருந்திருக்கும். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடினமான கேள்வியை அவர்கள் எதிர்த்துப் பேசி வெல்வதில்லை. விரலை அடுத்தவர் பக்கம் திருப்புகிறார்கள், அந்த அடுத்தவர்தான் அவர்களைக் காப்பாற்றி அனுப்பி வைக்கிறார்.

இப்போது ஹேக் நகருக்கு வாருங்கள். 2018 ஜனவரி 10. நெதர்லாந்துக்கு டிரம்ப் அனுப்பிய புதிய தூதர் பீட் ஹூக்ஸ்ட்ரா முதல் முறையாக அந்த நாட்டுப் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். அந்த நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து அரசியலுக்கு வந்தவர். 2015இல் ஒரு கூட்டத்தில், இஸ்லாமிய இயக்கத்தால் நெதர்லாந்தில் கார்கள் எரிக்கப்படுகின்றன, அரசியல்வாதிகள் எரிக்கப்படுகிறார்கள், உள்ளே போகவே முடியாத பகுதிகள் இருக்கின்றன என்று பேசியிருந்தார். எதுவும் நடந்ததல்ல. 2017 டிசம்பரில் ஒரு டச்சுத் தொலைக்காட்சி நிருபர் இதைக் கேட்டபோது அது பொய்ச் செய்தி என்றார். அவருடைய பேச்சின் பதிவைக் காட்டிய பிறகு, பொய்ச் செய்தி என்று நான் சொல்லவேயில்லை என்றார், அதே பேட்டியில். பிறகு பொத்தாம் பொதுவாக ஒரு மன்னிப்பும் கேட்டார்.

ஜனவரியில் முதல் நிருபர் கேட்டார்: எந்த அரசியல்வாதி எரிக்கப்பட்டார், பெயர் சொல்லுங்கள். அந்த விஷயத்துக்குத் திரும்பப் போவதில்லை என்றார் தூதர். விரலை அடுத்தவர் பக்கம் திருப்பினார். அடுத்தவர் அதே கேள்வியைக் கேட்டார். மறுபடி விரல் திரும்பியது. அவரும் அதையே கேட்டார். அமெரிக்காவின் முதல் தூதராக அந்த நாட்டுக்கு வந்த ஜான் ஆடம்ஸின் பிரார்த்தனை ஒன்று உண்டு: நேர்மையும் அறிவும் உள்ளவர்களே இந்தக் கூரையின் கீழ் ஆளட்டும் என்பது. ஒரு நிருபர் அதைச் சொல்லிவிட்டு, நீங்கள் நேர்மையும் அறிவும் உள்ளவர் என்றால் அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுங்கள், இல்லையேல் எரிக்கப்பட்டவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார். தூதர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “நன்றி” என்றார். அடுத்தவரைப் பார்த்தார். “இது நெதர்லாந்து, இங்கே கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்” என்று ஒரு குரல் வந்தது.

அந்த அறையிலிருந்த நிருபர்கள் ஒரே பத்திரிகைக்காரர்கள் அல்ல. தினமும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறவர்கள். ஒவ்வொருவரும் வேறு கேள்வி தயார் செய்துகொண்டுதான் வந்திருப்பார்கள். அதைக் கைவிட்டார்கள். முன்னவர் விட்ட இடத்தில் பின்னவர் பிடித்தார். அவர்களில் யாருடைய பெயரும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் விரலைத் திருப்ப இடமே இல்லாமல் அந்த மனிதர் நின்றார். இரண்டு நாள் கழித்து ஒரு டச்சு நாளிதழிடம், நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

டிரம்ப்பின் வெள்ளை மாளிகையிலும் இது நடந்திருக்கிறது. 2020 மே 11 அன்று, சீனாவில் பிறந்த நிருபர் வெய்ஜியா ஜியாங்கிடம் “சீனாவைப் போய்க் கேளுங்கள்” என்றார் டிரம்ப். என்னிடம் ஏன் அதைச் சொல்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். டிரம்ப் அடுத்ததாக சிஎன்என் நிருபர் கெய்ட்லன் காலின்ஸைக் காட்டினார். ஜியாங் முடிக்கட்டும் என்று காலின்ஸ் காத்து நின்றார். அதற்காகவே அவருடைய முறையும் பறிபோனது, சற்று நேரத்தில் சந்திப்பையே முடித்துக்கொண்டு டிரம்ப் போய்விட்டார். தன் முறை போய்விடும் என்று தெரிந்தும் நின்றாரே, அவரைக் கும்பிடுங்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிப்பு என்றால் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் உங்கள் பக்கத்தில்தான், ஒரு வார இதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். நொய்யலில் சாயக்கழிவு ஓடிக்கொண்டிருந்த காலம். பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிவிட்டிருந்தது. கிணறுகள் கெட்டு, தென்னை காய்ந்து, குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றன கிராமங்கள். ஓர் அமைச்சர் வந்தார். பயணியர் மாளிகையில் பிரஸ் மீட். டீ, மிக்சர், வரிசையாக நாற்காலி. அணைத் தண்ணீரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். “தம்பி எந்தப் பத்திரிகை?” என்றார். சொன்னேன். பேரைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். அறையே சிரித்தது. பி.ஆர்.ஓ. என் பக்கத்திலிருந்தவரைக் காட்டி “அண்ணன் கேளுங்க” என்றார்.

அந்த அண்ணன் ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர். ஐம்பது வயது தாண்டியவர். எந்தச் சந்திப்பிலும் அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. கொடுத்த அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறவர். உங்கள் கடிதத்தில் வருகிற ‘கூட்டத்தில்’ அவரையும் ஒருவராகத்தான் வைத்திருப்பீர்கள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “தம்பி கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போடுங்க. பொறவு நான் கேட்டுக்கறனுங்க” என்றார்.

சிரிப்பு நின்றது. ஆய்வு நடக்கிறது, குழு போட்டிருக்கிறோம் என்று அமைச்சர் ஏதோ சொன்னார். மூன்றாவதாக இருந்தவர் “குழு அறிக்கை எப்போங்க?” என்றார். நான்காவது ஆள் எந்தெந்த ஊருக்கு லாரித் தண்ணீர் போகிறது என்று கேட்டார். வந்த பதில்கள் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவ்வளவு நேரமும் அந்த மனிதர் நொய்யலைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் அண்ணனிடம், உங்கள் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டீர்களே என்றேன். “எனக்கேது வேற கேள்வி? நீ கேட்டதுதான கேள்வி” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த மாளிகையில் கேமரா ஏதும் இல்லை. அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அவர் இப்போது இல்லை.

நீங்கள் “கவர் வாங்குகிற கூட்டம்” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கவர் வாங்குகிறவர்கள் உண்டு. நானே பார்த்திருக்கிறேன், அருவருப்பான விஷயம்தான். ஆனால் நியமன உத்தரவுகூட இல்லாமல், வரிக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு, சொந்தப் பெட்ரோலில் ஓடுகிற மாவட்ட நிருபரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு கேள்விக்காக அவரை அடுத்த நாள் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். விளம்பரம் நின்றால் முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். அரசு கேபிளில் சேனலின் எண்ணைப் பின்னால் தள்ளினால் அந்தச் செய்திப் பிரிவே ஆட்டம் காணும். இத்தனைக்கும் நடுவில்தான் அவர் கேட்க வேண்டும். நீங்கள் வீட்டில் எந்தத் தமிழ்ப் பத்திரிகைக்குக் காசு கட்டுகிறீர்கள்? கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பாருங்கள்.

தமிழில் ஒருவர்கூட இல்லை என்பதும் உண்மையல்ல. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை என்றது. மன்னிப்புக் கேட்க மறுத்தார். சக பத்திரிகைகள் எழுந்து நின்றதில் சில நாள்களில் வெளியே வந்தார். 2018 அக்டோபர் 9 அன்று, ஆளுநரைப் பற்றிய கட்டுரைகளுக்காக நக்கீரன் கோபாலைக் கைது செய்து எழும்பூர் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். ‘தி இந்து’ குழுமத்தின் என். ராம் நேரில் போய், பத்திரிகையாளர்கள் சார்பில் பேச அனுமதி வாங்கிப் பேசினார். கோபாலை நீதிமன்றக் காவலுக்கு அனுப்ப நடுவர் மறுத்தார். நக்கீரனுக்கும் தி இந்துவுக்கும் எழுத்தில் எந்த ஒற்றுமையும் கிடையாது. ராமுக்கு அந்தக் கட்டுரைகள் பிடித்திருந்தனவா என்பதும் அங்கே கேள்வி இல்லை.

அதிகாரத்துக்கு இது புரிந்ததால்தான் இப்போது அடுத்தவரே இல்லாதபடி ஏற்பாடு செய்கிறார்கள். 2023 ஜூன் 22 அன்று வெள்ளை மாளிகையில் மோடியிடம் சிறுபான்மையினர் உரிமை பற்றி அமெரிக்க நிருபர் சப்ரினா சித்திக்கி கேட்டார். இரு நாட்டு நிருபர்களுக்கும் தரப்புக்கு ஒரே ஒரு கேள்வி என்பது முன்னமே பேசி வைத்த விதி. தொடர்ந்து கேட்க வழியே இல்லை. அந்த ஒற்றைக் கேள்விக்காக அவரை இணையத்தில் வேட்டையாடினார்கள், வெள்ளை மாளிகையே கண்டிக்கும் அளவுக்கு. 2019 மே 17 அன்று டெல்லியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் மோடி உட்கார்ந்திருந்தார், கேள்விகளுக்கு அமித் ஷா பதில் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபர் 15, கொழும்பு ஷாங்ரி-லா விடுதி. அதிபர் வேட்பாளர் கோத்தபய ராஜபக்ச நிருபர்களைச் சந்திக்கிறார். போரின் முடிவில் ராணுவத்திடம் சரணடைந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ‘தி இந்து’வின் கொழும்புச் செய்தியாளர் மீரா சீனிவாசன் கேட்டார். ராணுவத்தை நடத்தியது நான் அல்ல, தளபதி என்றார் கோத்தபய. எப்போதும் பழையதையே பேசுகிறீர்கள், எதிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றார். அடுத்த மாதம் ஜெயித்து அதிபரானார். 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று சொன்னதாக அவருடைய அலுவலகமே அறிக்கை விட்டது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியிலிருந்து பிள்ளைகளின் படங்களோடு தெருவோரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் அதைச் செய்தியில்தான் அறிந்தார்கள். இறந்தார்கள் என்றால் எப்படி இறந்தார்கள், யார் பிடியில் இருக்கும்போது இறந்தார்கள் என்று அந்தக் குடும்பங்கள் கேட்டன. ஷாங்ரி-லாவில் மீரா விட்ட இடத்திலிருந்து அந்தக் கேள்வியை அவர்கள்தான் எடுத்தார்கள். அவர்கள் பேசும் காணொளிகளும் இணையத்தில் இருக்கின்றன, ர. நீளமானவை. அவற்றில் யாரும் யாரையும் மடக்குவதில்லை. முழுசாகப் பாருங்கள்.

அன்புடன்