நைலான் பெல்ட் எவ்வளவு நீளும், எதனால் நீளும்? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கிரேன், லாரி, படகு வேலையில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. தூக்குப் பெல்ட்டுகளையும் லாரிக் கட்டுப் பெல்ட்டுகளையும் சோதித்துப் பார்க்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (கடலூர் முதுநகர், படகுத் தளம்): ஃபைபர் படகைத் தூக்க 8 மீட்டர் நைலான் பெல்ட் இரண்டை அடியில் விட்டு, நுனிகளைக் கொக்கியில் மாட்டுகிறோம். பெல்ட் விறைத்த பிறகும் கொக்கி முக்கால் முழம் மேலே போகுது, படகு அசையலை. அப்புறம் சடக்குனு கிளம்பி மேலும் கீழும் ஆடுது. பெல்ட் போயிடுச்சா சார்?

பதில்: பெல்ட் போகவில்லை, நைலானே அப்படித்தான். தாங்குதிறன் முழுவதும் ஏறினால் நைலான் பெல்ட் 8 முதல் 10 சதவீதம் நீளும். 8 மீட்டரில் அது 64 முதல் 80 சென்டிமீட்டர். கொக்கியிலிருந்து படகின் இரு பக்கமும் இறங்கும் இரண்டு காலிலும் அது பங்கு போவதால் கொக்கி பாதி தூரம், அதாவது 32 முதல் 40 சென்டிமீட்டர் சும்மா ஏறும். உங்கள் முக்கால் முழம் அதுதான். பாலியஸ்டர் ஏறக்குறைய 3 சதவீதம்தான் நீளும். கொக்கி 12 சென்டிமீட்டர் ஏறியதும் படகு கிளம்பிவிடும், ஆட்டமும் அடங்கும். படகு தூக்க பாலியஸ்டரே சரி.

அதுவரை நைலானில்தான் தூக்க வேண்டும் என்றால், பெல்ட் விறைத்ததும் நிறுத்துங்கள். மெல்ல ஏற்றி, படகு ஒரு சாண் கிளம்பியதும் மறுபடி நிறுத்தி, ஆட்டம் நின்ற பிறகு மேலே போங்கள். முன்பக்கம் நைலான், பின்பக்கம் பாலியஸ்டர் என்று மட்டும் கலக்காதீர்கள். நைலான் பக்கம் தாழ்ந்து படகு சாயும். பக்கத்தில் பக்கமாகப் போட்டாலோ, நீளாத பெல்ட் லோடு முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி (அதே தளம்): புதுப் பெல்ட் முதல் நாள் நீண்டது, இறக்கிய பிறகும் பழைய அளவுக்கு வரவே இல்லையே?

பதில்: நீட்சியில் மூன்று வகை உண்டு, அது முதல் வகை. நாடாவை நெருக்கி நெய்யும்போது பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) நேராக ஓடாது. ஒவ்வொரு ஊடைக்கும் (குறுக்கு நூலுக்கும்) மேலே ஏறி, கீழே இறங்கி, அலை அலையாக ஓடும். முதல் சில லோடுகளில் அந்த அலை நிமிர்கிறது, ஊடை நெருங்கி உட்காருகிறது. நூல் அப்படியேதான் இருக்கும், நெசவு மட்டும் படிகிறது. படிந்த நெசவு பழைய நிலைக்குத் திரும்பாது.

இரண்டாவது, நூலே நீள்வது. நைலானின் நீண்ட மூலக்கூறுகள் சில இடத்தில் வரிசையாக அடுக்கியும், சில இடத்தில் சுருண்டு முறுக்கியும் கிடக்கும். இழுத்தால் சுருண்டவை விரியும், விட்டால் திரும்பும். கொஞ்சம் உடனே, மிச்சம் சாவகாசமாக. லோடு இறக்கிய கையோடு அளந்தால் நீளமாகவும் மறுநாள் காலை அளந்தால் குறைவாகவும் காட்டுவது இதனால்தான்.

மூன்றாவது, லோடு தொங்கிக்கொண்டே இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, நாள்பட நிரந்தரமாக நீள்வது. முதல் மணி நேரத்தில் அதிகம், போகப் போகக் குறைவு.

சோதிக்க வழி எளிது. சில முறை லோடு ஏற்றி இறக்கிய பிறகு, ஒரு நாள் சும்மா விட்டு, பெல்ட்டின் நடுவில் சரியாக 1 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் தையல் நூலால் அடையாளம் போடுங்கள் (ஸ்கெட்ச் பேனா மை சில சமயம் நூலைப் பாதிக்கும்). மாதம் ஒருமுறை, லோடு இல்லாமல், காய்ந்த நிலையில் அளங்கள். நெசவு படிந்த பிறகும் அளவு திடீரென்று கூடினால் பெல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது. அறுத்துப் போடுங்கள், முழுசாக விட்டால் யாராவது எடுத்துப் போய்த் தூக்குவார்கள்.

கேள்வி (மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி, லாரி ஓட்டுநர்): ராத்திரி ராட்செட் போட்டு கட்டை மாதிரி இறுக்கினேன். மழை பெய்தது. காலையில் தொளதொளன்னு இருக்கு. ராட்செட் வழுக்குதா அண்ணே?

பதில்: ராட்செட் என்பது பெல்ட்டைச் சுற்றி இறுக்கும் பல்சக்கரப் பூட்டு; பல் தேயாமல் இருந்தால் அதன் மேல் பழி இல்லை. இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. ஒன்று, நீளம் மாறாமல் பிடித்து வைத்தாலும் உள்ளே மூலக்கூறுகள் நகர்ந்து இழுவை தானாகவே குறையும். இன்னொன்று தண்ணீர். நைலான் மூலக்கூறுகளைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் புகுந்து அந்தப் பிடியில் தன்னை நுழைத்துக்கொள்ளும். நூல் இளகும், நீளும். 65 சதவீத ஈரப்பதக் காற்றிலேயே நைலான் தன் எடையில் 4 சதவீதம் தண்ணீர் வைத்திருக்கும், ஊறினால் 8, 9 வரை போகும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். நனைந்த நைலானின் பலமும் 10 முதல் 15 சதவீதம் குறையும், காய்ந்தால் திரும்பும்.

லாரிக் கட்டுக்கு பாலியஸ்டர் ராட்செட் பெல்ட்டே வாங்குங்கள். அதிலும் கிளம்பி 10, 15 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், மழை விட்ட பிறகும் பாருங்கள். உருளையில் இரண்டு சுற்றாவது ஏறியிருக்கட்டும். கைப்பிடியில் பைப் சொருகி இறுக்குவது வேண்டாம். அது பெல்ட்டையும் ராட்செட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

கேள்வி (தேங்காய்த்திட்டு): அப்போ நைலானே வேண்டாமா? 2011 தானே புயல் மாதிரி வந்தால் படகை எதில் கட்டுவது?

பதில்: தண்ணீரில் நிற்கும் படகுக்கு நைலான்தான். அலை படகைத் தள்ளும் விசையை எங்காவது கரைக்க வேண்டும். ஒரே அளவு அதிர்ச்சிக்கு, மூன்று மடங்கு நீளும் கயிற்றில் உச்ச இழுவை சுமார் 40 சதவீதம் குறையும். நீளாத கயிறு கொக்கியைப் பிடுங்கிவிடும். கரையேற்றி வைத்த படகை நிலத்தோடு கட்ட பாலியஸ்டர். அங்கே அசைவே கூடாது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் நூலுக்குள் உப்புப் பரல் நின்று அறுக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி (சேதராப்பட்டு): கடையில் எல்லாவற்றையும் ‘நைலான் பெல்ட்’ என்றே விற்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? பச்சை நிறம் என்றால் நைலானா?

பதில்: பச்சை பெல்ட் வேறு, பச்சை லேபிள் வேறு; பலர் குழம்பும் இடம் இதுதான். ஐரோப்பிய முறையில் பெல்ட்டின் நிறம் தாங்குதிறனைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. தைத்த லேபிளின் நிறம்தான் நூலைச் சொல்லும்: பச்சை நைலான், நீலம் பாலியஸ்டர், பழுப்பு பாலிபுரொப்பிலீன்.

லேபிள் இல்லாத பெல்ட்டில் தூக்கவே கூடாது. லாரிக் கட்டோ வேறு சில்லறை வேலையோ என்றால் உப்புத் தண்ணீர் சோதனை போதும். ஓரத்தில் சில இழைகளைப் பிரித்து, சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டுக் கசக்கி, காற்றுக் குமிழை விரட்டுங்கள். வெறும் தண்ணீரில் மிதந்தால் பாலிபுரொப்பிலீன். மூழ்கினால், 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் உப்பு, மரக்காணம் கல்லுப்பே போதும், இனி கரையாது என்கிற வரை கரைத்து அதில் போடுங்கள். கரைசலின் அடர்த்தி கிட்டத்தட்ட 1.2, நைலான் 1.14, பாலியஸ்டர் 1.38. நைலான் மேலே வரும், பாலியஸ்டர் அடியில் உட்காரும். பூச்சுப் பூசிய பெல்ட்டில் மட்டும் நடு இழையை எடுங்கள்.

கேள்வி (சிப்காட், கடலூர்): அமிலம் இருக்கும் இடத்தில்?

பதில்: நைலான் ஆகாது, பாலியஸ்டர் போடலாம். காஸ்டிக் போன்ற காரத்துக்கு நேர் எதிர்.

கேள்வி (வீராம்பட்டினம்): மணலில் மாட்டிய காரை நைலான் பெல்ட்டில் இழுக்கலாமா?

பதில்: காரை மீட்பதற்கென்றே வரும் பெல்ட்டில் இழுக்கலாம், பழைய கிரேன் பெல்ட்டில் வேண்டாம். 2 டன் இழுவையில் 1 மீட்டர் நீண்டிருந்தால் பெல்ட்டுக்குள் ஏறக்குறைய 10,000 ஜூல் அடைந்திருக்கும். 50 கிலோ மூட்டை 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கொக்கி கழன்றால் அத்தனையும் கொக்கியோடு பறக்கும். நேர்கோட்டில் ஆள் நிற்கக்கூடாது. பெல்ட்டின் நடுவில் ஈரக் கோணி ஒன்றைப் போடுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): வீட்டு நாடாக் கட்டில் ஆறு மாதத்தில் தொய்ந்துவிடுகிறது. இதுவும் அதேதானா?

பதில்: அதேதான், மூன்றாவது வகை. கட்டில் நாடா பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். நம் வெயிலில் நைலானைவிட வேகமாக வழுக்கி நீளும். மறுபடி இழுத்துக் கட்டுவதுதான் வழி. உண்மையான நைலான் நாடாவாக இருந்தால் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துப் பின்னுங்கள். காயும்போது தானே இறுகும். குழாய்ச் சட்டம் மெல்லியதாக இருந்தால் நடுவில் குறுக்குக் கம்பி ஒன்று வைத்துவிட்டுப் பின்னுங்கள், இல்லாவிட்டால் சட்டம் உள்ளே வளையும்.