மைத்துனர் சொல்லும் ‘அரசாங்கக் கடன்’

கேள்வி: மதுரை செல்லூரில் துண்டு நெய்யும் தறிக்கூடத்தில் வேலை செய்கிறேன். மனைவி பூக்கட்டி விற்கிறார். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மகளுக்குக் கலந்தாய்வில் கோவைத் தனியார் கல்லூரியில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு ஆண்டுக்கு ஒரு லட்சம், மொத்தம் 4 லட்சம் தேவை. ‘உங்கள் வீடு எங்கள் கிளை எல்லைக்குள் வராது’ என்று வங்கியில் அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோது வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். ‘அரசாங்கக் கடன்தானே, என்றாவது தள்ளுபடி ஆகிவிடும்’ என்கிறார் மைத்துனர். எட்டுப் பவுன் நகையை அடகு வைத்துவிடட்டுமா?

பதில்: நகையைப் பீரோவில் வையுங்கள். நகைக்கடன் ஓராண்டில் மீட்கவோ மாற்றி வைக்கவோ சொல்லும். உங்கள் மகள் சம்பாதிக்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

மைத்துனர் பேச்சுக்கு வருகிறேன். கல்விக்கடனை அரசு தருவதில்லை, வங்கி தருகிறது. அரசு நிற்பது இரண்டே இடங்களில். கடன் திரும்பாமல் போனால் வங்கியின் இழப்பில் 75 சதவீதத்துக்கு உத்தரவாதம் தருகிறது. ஏழை மாணவர்களுக்குப் படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்குமான வட்டியை மானியமாகக் கட்டுகிறது. அந்த உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. தவணை நின்றால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் மகளுக்கு விழும்; அதோடு இணைக் கடன்தாரரான உங்களுடையதும் விழும். தள்ளுபடியை நம்பித் தவணையை நிறுத்திவிட்டு, பிறகு வண்டிக்கடன்கூடக் கிடைக்காமல் அலைகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வங்கி சொன்ன இரண்டு காரணங்களும் செல்லாது. வீடு கிளை எல்லைக்குள் இல்லை என்று கல்விக்கடனை மறுக்கக் கூடாது என 2012 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான். 2015 முதல் இருக்கும் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ஏழரை லட்சம் வரை பிணை இல்லாமலே கொடுக்கலாம். ஆகவே பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். பார்த்தால் கேட்கத் தோன்றும்.

வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் மறுப்பார்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவு எண்ணோடு கிளைக்குப் போங்கள். 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம். மறுப்பதென்றால் கிளை மேலாளர் தன் மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க முடியும். இழுத்தடித்தால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரைப் பாருங்கள்; மதுரைக்கு முன்னோடி வங்கி கனரா வங்கி. அங்கும் நகரவில்லையென்றால் உங்கள் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

இனி வட்டி. கணக்குக்காக 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் ஒரு லட்சம் வாங்கினால், படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் தவணை கட்ட வேண்டாத விடுப்பு ஓராண்டு, ஆக ஐந்தாண்டு முடிவில் தனிவட்டி மட்டும் 1,40,000 ரூபாய். அது அசலோடு சேர்ந்து 5,40,000 ஆகும். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மானியம் கிடைத்தால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், தவணை சுமார் 5,290.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பதால் இந்த மத்திய அரசு மானியத்துக்கு நீங்கள் தகுதியானவர். ஆனால் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அவை) தரச்சான்றோ பாடப்பிரிவுக்கு என்பிஏ (பொறியியல் போன்ற படிப்புகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமோ இருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்; விளம்பரப் பலகையை நம்பாதீர்கள். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். குடும்பத்தில் மகள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் கையோடு வாங்குங்கள், கட்டணச் சலுகை உண்டு. உங்களுக்காக மானியம் கேட்டு அனுப்ப வேண்டியது கிளை. மறந்துவிடுவார்கள். ஆண்டுக்கொருமுறை போய் நினைவூட்டுங்கள். மகள் பாதியில் படிப்பை விட்டால் மானியமும் போய்விடும். உடல்நலக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இல்லையென்றால்? தமிழ்வழியில் உதவிபெறும் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பியுங்கள். முதல் லட்சத்தின் வட்டி மாதம் 833 ரூபாய்தான். அந்த ஆயிரத்தை அப்படியே கடன் கணக்கில் கட்டிவரச் சொல்லுங்கள். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் குறைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தச் சலுகை எழுதியிருக்கிறதா என்று மகளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.