என்ஜின் நம்பர் பிளேட் இல்லாத பழைய பேக்ஹோ (மண் தோண்டும் வண்டி): என்ன என்ஜின் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆயில் மட்டம் ஏன் ஏறுகிறது?

திருவாரூர் பக்கம் தூர்வாரும் வேலைக்கு வாங்கிய வண்டி, பெர்கின்ஸ் கம்பெனி என்ஜின் என்று சொல்லி விற்றார்கள், என்ஜினில் நம்பர் பிளேட் இல்லை, டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே போகிறது என்கிறீர்கள்.

சேஸ் நம்பரைச் சொல்லி பார்ட்ஸ் வாங்காதீர்கள். இந்த வயது வண்டியில் என்ஜினே மாறியிருக்கலாம். டீசல் பம்ப் இருக்கும் பக்கம் பிளாக்கை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள், பொறித்த நம்பர் தெரியும். 'எல்டி' என்று தொடங்கினால் அது பெர்கின்ஸின் 4.236 என்ற நாலு சிலிண்டர் மாடல். கடைசி எழுத்து வருடம்: ஏ என்றால் 1974, பி என்றால் 1975. நம்பரை அரைத்து எடுத்திருந்தால் ஹெட் கழற்றும்போது அளந்துகொள்ளலாம்: 4.236 என்றால் போர் (சிலிண்டர் விட்டம்) 98.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 127 மி.மீ. (அரைத்த நம்பருக்கு ஆர்.சி.யையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.) டீசல் பம்புக்குத் தனிப் பிளேட் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் ஏறுவதுதான் அவசரம். ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) டிரெயின் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல். 4.236-இல் இருப்பது டிரை லைனர், அதாவது கூலிங் தண்ணீர் நேராகத் தொடாத சிலிண்டர் உறை; அதற்கு ஓரிங் கிடையாது. லைனர் ஓரிங் மாற்றணும் என்று ஒருவர் சொன்னால் அவர் வேறு என்ஜினைப் பற்றிப் பேசுகிறார்.

தண்ணீர் இல்லாமல் ஆயில் நீர்த்து டீசல் வாடை அடித்தால், லிஃப்ட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்) உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய தகடு கிழிந்திருக்கும். குழாய்களைக் கழற்றாமல் பம்பை மட்டும் பிளாக்கிலிருந்து எடுத்து லிவரைக் கையால் அடியுங்கள். லிவர் பக்கம் டீசல் சொட்டினால் அதுதான். சொட்டவில்லையா, அடுத்த சந்தேகம் டீசல் பம்ப் ஷாஃப்ட் சீல். எதுவானாலும் நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும். பழுது பார்த்ததும் 15டபிள்யூ-40 ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள்.

பிறகு டீசல் லைனில் புகுந்த ஏரை வெளியே எடுக்கணும்: முதலில் ஃபில்டர், அடுத்து பம்ப் ஸ்க்ரூக்கள், கடைசியில் நாசில் பைப் நட்டுகள். லிஃப்ட் பம்ப் கை லிவரில் அடி விழவில்லையென்றால், பம்பைத் தள்ளும் கேம் மேட்டில் நிற்கிறது. கிராங்கை ஒரு சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.

டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில்), ஆறிய என்ஜினில், 0.30 மி.மீ. 1-ஆம் சிலிண்டர் வால்வுகள் இரண்டும் ஆடும் நிலையில் (ஒன்று மூடி முடிய, மற்றது திறக்கத் தொடங்கும்போது) 4-ஆம் சிலிண்டரைச் சரிசெய்யுங்கள். 3 ஆடும்போது 2, 4 ஆடும்போது 1, 2 ஆடும்போது 3.

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் முடிக்கிற அவசரத்தில் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்துவிடும். கூலன்ட் கலந்த சுத்த நீர்தான் ஊற்றணும்.