பட்-சியாரி நோயாளியின் கல்லீரலில் கட்டிகள் தெரிந்தால் அது புற்றுநோய்தானா?

மனைவிக்காகவோ பிள்ளைக்காகவோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பட்-சியாரி என்பது கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகள் அடைபடும் நோய். இது உள்ளவர்களுக்குப் புற்றல்லாத கட்டிகள் வருவது உண்டு.

என் தங்கைக்கு இந்த நோய். பலூன் வைத்து அடைப்பை விரித்த பிறகு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தாள். அடுத்த சி.டி. ஸ்கேனில் சிறு சிறு கட்டிகள். 'கல்லீரல் புற்றுநோயாக இருக்கலாம்' என்று அறிக்கை. அதே தாளின் மேலே, நோய் விவரம் எழுத வேண்டிய இடத்தில் 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தது. பட்-சியாரி என்ற பெயரே இல்லை!

கல்லீரல் மருத்துவர் அறிக்கையை ஒதுக்கிவிட்டுப் படங்களைக் கேட்டு வாங்கினார். வெளியேறும் வழி அடைபட்டால், குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரை வழியே பாயும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்டத் தமனி ரத்தம் கூடுகிறது, அது நன்றாகப் பாயும் இடங்களில் செல்கள் பெருகிக் கட்டியாகின்றன என்றார். தமனி ரத்தம் நிறைந்திருப்பதால்தான் அவையும் புற்றைப் போலவே ஸ்கேனில் பளிச்சிடுகின்றன. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவருக்கு ஸ்கேனைக் கொண்டே புற்றை உறுதிசெய்யும் லை-ராட்ஸ் விதிகள் இந்த நோய்க்குப் பொருந்தாது. எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்று இருந்தால் கூடக்கூடிய புரதம்) அளவு, கடைசியில் திசுப் பரிசோதனை எல்லாம் முடிந்து, புற்று இல்லை என்று உறுதியானது.

பொய்த் தைரியம் கொடுக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த நோயில் உண்மையான புற்றுநோயும் வருகிறது. கட்டி பெரிதானாலோ ஏ.எஃப்.பி. ஏறினாலோ திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். தங்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறாள். நீங்கள் ஸ்கேனுக்குப் போகும்போது சீட்டில் நோயின் பெயரை எழுதச் சொல்லுங்கள், பழைய படங்களையும் கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லீரல் என்றதும் உறவினர்கள் கேட்டது, 'குடிப்பழக்கம் உண்டா?' அவள் மதுவைத் தொட்டதே இல்லை. ஜாக்2 மரபணு மாற்றத்தால் ரத்தம் எளிதில் உறைந்துவிடுகிறது, அதுதான் காரணம். இதை விளக்கிய பிறகும் ஓர் அத்தை என் அம்மாவைத் தனியே அழைத்து மறுபடியும் அதையே கேட்டார். அவர் வீட்டு வாசலை நான் இன்றுவரை மிதிக்கவில்லை.